ரேப்சர் நகரின் பூட்டிய கதவுகள்: பயோஷாக் தொகுப்பு விமர்சனம்

பயோஷாக் என்ற வீடியோ விளையாட்டுத் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுடுவதற்காக மட்டும் இதை வாங்க வேண்டாம். முதல் ஆட்டத்தில் துப்பாக்கி கையில் உட்காரும் விதம் 2007-ஆம் ஆண்டுக்கு உரியது. இன்றைய ஆட்டங்களோடு வைத்துப் பார்த்தால் கனமாகவும் மெதுவாகவும் இருக்கும். இதை வாங்க வேண்டியது ஓர் ஊருக்காக. குறையே இல்லாத நகரம் கட்டுகிறேன் என்று கிளம்பிய ஒருவன், அதைக் காப்பாற்ற ஒரே ஒரு ரகசியத்தைச் சட்டமாக்கினான். அந்தச் சட்டம் நகரத்தை உள்ளிருந்தே எப்படி அரித்தது என்பதைச் சுவரிலும் குழாயிலும் மரப்பெட்டியிலும் ஒலிநாடாவிலும் நாமே தேடித் தெரிந்துகொள்ள வைக்கிறது இந்த ஆட்டம். அந்த வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்த ஆட்டங்கள் மிகக் குறைவு.

தொகுப்பில் மூன்று ஆட்டங்கள் இருக்கின்றன: பயோஷாக் (2007), பயோஷாக் 2 (2010), பயோஷாக் இன்ஃபினிட் (2013). 2016 செப்டம்பரில் கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும் 2020 மே மாதம் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. தனியாக விற்ற கூடுதல் அத்தியாயங்களும் உண்டு. இரண்டாம் ஆட்டத்தில் முன்பு இருந்த பலர் சேர்ந்து ஆடும் பகுதி மட்டும் இதில் கிடையாது.

முதல் ஆட்டத்தின் நடுவில் ஒரு பெரிய முடிச்சு அவிழும். அதை இந்த விமர்சனம் தொடவில்லை. நகரத்தின் வரலாறு, அதன் ஊழல், யார் என்ன மறைத்தார்கள் என்பதெல்லாம் கீழே விவரமாக வரும். எதுவுமே தெரியாமல் ஆட விரும்புகிறவர்கள் கடைசி இரண்டு பத்திகளை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

ரேப்சர் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் இருக்கும் நகரம். கட்டியவர் ஆண்ட்ரூ ரையன், ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பெரும் பணம் சேர்த்தவர். உழைத்தவனின் பலனை அரசாங்கமோ மதமோ மக்கள் கூட்டமோ பிடுங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 1946-இல் கட்ட ஆரம்பித்தார். நாம் அங்கே போய்ச் சேர்வது 1960-இல், விமான விபத்தில் தப்பி, ஒரு கலங்கரை விளக்கத்துக்குள் நுழைந்து, அங்கிருக்கும் சிறு நீர்மூழ்கிக் கலம் வழியாக. அதற்குள் நகரம் பிணக்காடாகிவிட்டது. இடையில் என்ன நடந்தது என்று யாரும் உட்கார வைத்துக் கதை சொல்வதில்லை. நகரெங்கும் சிதறிக் கிடக்கும் 122 ஒலிநாடாக் குறிப்புகளில் இருந்து நாமே கோத்துக்கொள்ள வேண்டும்.

ரையன் எல்லாவற்றையும் சந்தைக்கு விட்டார். ஒன்றை மட்டும் விடவில்லை: மேலுலகத் தொடர்பு. நகரம் இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் வல்லரசுகள் உளவாளிகளை அனுப்பும், பிறகு படையை அனுப்பும் என்பது அவர் பயம். வானொலியில் நம்மிடம் முதன்முதலாகப் பேசும்போதே நீ எந்த நாட்டு உளவுத் துறை ஆள் என்றுதான் கேட்கிறார். ஆகவே மேலே போகவும் கூடாது, மேலிருந்து எதுவும் வரவும் கூடாது. கட்டுப்பாடே இல்லாத சந்தை என்று அழைத்து வந்த மக்களுக்கு இந்த ஒரு கட்டுப்பாடு. இங்கிருந்துதான் விரிசல் விழுகிறது.

தடை வந்ததும் கள்ளக் கடத்தல் பிறந்தது. கடலடி நகரத்தில் யாரும் கேள்வி கேட்காமல் வெளியே போய்வரக்கூடியது மீன்பிடி நீர்மூழ்கி மட்டும்தான். ஃபிராங்க் ஃபான்டைன் என்ற ஆள் மீன் கம்பெனி நடத்தியது மீனுக்காக அல்ல. நெப்டியூன்ஸ் பவுண்டி என்ற துறைமுகப் பகுதிக்குப் போகும்போது அவசரப்படாமல் நின்று பாருங்கள். மீன் பதப்படுத்தும் கூடம், குளிர் அறை, அதையும் தாண்டிக் கீழே கடத்தல்காரர்களின் மறைவிடம். அங்கே பெட்டிகளில் இருப்பது தங்கமோ ஆயுதமோ அல்ல, பைபிளும் சிலுவையும்! மேலே எந்தக் கடையிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்கள் இங்கே உயிரைப் பணயம் வைத்து வருகின்றன. ரையன் கடத்தலுக்கு மரண தண்டனை கொண்டுவந்தார். அரசாங்கமே வேண்டாம் என்று கட்டிய நகரத்தில் தூக்குமரம் வந்தது அந்தப் பெட்டிகளால்தான்.

அடுத்த கண்ணி இன்னும் நுட்பமானது. போரில் கை செயலிழந்துபோன ஒரு கடத்தல்காரர், ஒரு கடல் நத்தை கடித்த பிறகு துறைமுகத்தில் பந்து பிடித்து விளையாடுவதை பிரிஜிட் டெனன்பாம் என்ற விஞ்ஞானி பார்க்கிறார். அந்த நத்தையில் இருந்து கிடைத்ததுதான் ஆடம் என்ற பொருள். உடலின் மரபணுவையே திருத்தி எழுதும். விரல் நுனியில் மின்னல் வரும், நெருப்பு வரும். மற்றவர்கள் டெனன்பாமைப் பார்த்துச் சிரித்தபோது பணம் போட்டவர் ஃபான்டைன். ஒருவேளை துறைமுகம் சட்டப்படி திறந்திருந்தால் ஃபான்டைன் வெறும் மீன் வியாபாரியாகவே இருந்திருப்பார். ரகசியம் அவருக்கு முதல் போட்டது. ஆடம் அந்த முதலைச் சாம்ராஜ்யமாக்கியது.

நத்தையில் இருந்து கிடைக்கும் ஆடம் போதவில்லை. சிறுமிகளின் வயிற்றில் நத்தையை வைத்தால் இருபது முப்பது மடங்கு அதிகமாகச் சுரக்கும் என்று கண்டுபிடிக்கிறார்கள். சிறுமிகளுக்கு எங்கே போவது? ஃபான்டைன் அனாதை இல்லம் திறக்கிறார். ஏழைகளுக்கு விடுதியும் திறக்கிறார். எல்லோரும் முதலாளியாகும் கனவோடு இந்த ஊருக்கு வந்தார்கள், கழிப்பறை கழுவவும் ஆள் வேண்டும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை என்கிற கருத்தில் அவர் குரலிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும். ஒரு கட்டிலும் ஒரு கிண்ணம் சூப்பும் கொடுத்து அந்த மக்களைத் தன் படையாக்கிக்கொள்கிறார். தர்ம காரியத்தின் பெயரால் நடந்த மோசடி இது. ஆட்டத்தின் மிகக் கூர்மையான அரசியல் பார்வையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் ரையனின் நகரம் கைவிட்ட மனிதர்கள் இல்லாவிட்டால் இந்த மோசடிக்கு ஆளே கிடைத்திருக்காது.

1958 செப்டம்பரில் ஃபான்டைன் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் செய்தி வருகிறது. உடனே ரையன் அவருடைய நிறுவனத்தைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறார். தன் காட்டை அரசு பொதுவுடைமையாக்கப் பார்த்தபோது மொத்தக் காட்டையும் கொளுத்தியவன் நான் என்று பெருமையோடு சொல்லும் அதே ரையன்! இதைத் தாங்க முடியாமல் பில் மக்டோனா என்ற பழைய நண்பர் நகர மன்றத்தில் இருந்து விலகுகிறார். குழாய் வேலையில் இருந்து வந்தவர், ரேப்சரைக் கட்டியதில் கை வைத்தவர். எந்தக் குழாய் உறைகிறது, எங்கே ஒழுகுகிறது என்று கவலைப்படும் அவர் குறிப்புகளைத் தேடித்தேடிக் கேளுங்கள். நகரத்தின் மீது உண்மையான அன்பு வைத்த மனிதர் அவர்தான். கடைசியில் ரையனின் அலுவலக வாசலில், குத்திவைத்த உடல்களின் வரிசையில் அவரையும் பார்ப்போம்.

பிளாஸ்மிட் என்பது ஆடத்தால் உடலுக்கு மின்னல், நெருப்பு போன்ற சக்தி தரும் சரக்கு. அதைப் போட்டுக்கொள்கிறவர்களின் மனத்தை ஒரு வாசனைப் பொருளால் கட்டுப்படுத்தும்படி, விற்பனைக்கு வரும் பிளாஸ்மிட்களையே மாற்றிவிடலாம் என்று சுச்சாங் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனை ஒரு குறிப்பில் வருகிறது. மனிதனின் சுய விருப்பம்தான் இந்த நகரத்தின் அடிக்கல் என்று ரையன் தயங்குகிறார். பிறகு ஒத்துக்கொள்கிறார். வேலியே பயிரை மேய்ந்த இந்தக் கணம் எந்தக் காட்சியாகவும் வருவதில்லை. அந்த நாடாவை எடுக்காமல் போனால் தெரியாமலே போய்விடும்.

இதுதான் ஆட்டத்தின் பெரிய பலம். அதுவே பெரிய ஆபத்தும். முக்கியமான செய்திகளை மேசைக்கு அடியிலும் குளியலறை மூலையிலும் வைத்திருக்கிறார்கள். ஒரு நாடாவை எடுத்துப் போட்டதும் வானொலியில் யாராவது பேச ஆரம்பித்தால் நாடா நின்றுவிடும். பக்கத்தில் சரக்கு விற்கும் இயந்திரம் இருந்தால் அதன் கூவலும் மேலே விழும். இதற்கு வழி: எதிரிகளை முடித்த அறையிலேயே நின்று கேளுங்கள், அடுத்த அறை வாசலைத் தாண்டாதீர்கள். வானொலிச் செய்திகள் பெரும்பாலும் வாசல் தாண்டும்போதுதான் தூண்டப்படுகின்றன. தவறவிட்டதை வரைபடத் திரையின் செய்திப் பகுதியில் திரும்பக் கேட்கலாம். வசன வரிகளை அமைப்பில் போட்டுக்கொள்ளுங்கள். டெனன்பாமின் உச்சரிப்பும் சுச்சாங்கின் உச்சரிப்பும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே சிரமம் தரும். தமிழில் வசன வரி கிடையாது.

நாடாக்களை ஆள்வாரியாகத் தொடர்ந்தால் தனிக் கதைகள் கிடைக்கும். டயன் மக்ளின்டாக் என்ற பெண்ணின் கதை அதில் முதன்மையானது. ரையனின் காதலி. காஷ்மீர் என்ற உணவகத்தில் 1958-இன் கடைசி இரவு, புத்தாண்டு விருந்து. ரையன் வரவில்லை, டயன் தனியாகக் குடித்துக்கொண்டு அந்தப் புலம்பலைப் பதிவு செய்கிறார். பதிவு முடிவதற்குள் குண்டு வெடிக்கிறது. நகரத்தின் உள்நாட்டுச் சண்டை அங்கேதான் தொடங்கியது. அடுத்து மருத்துவப் பகுதியில், சிதைந்த முகத்தை ஸ்டைன்மன் என்ற அறுவை மருத்துவர் சரிசெய்வார் என்று காத்திருக்கிறார். பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு அப்போலோ சதுக்கத்தில் அவர் குரல் மறுபடி கிடைக்கும். ஏழைகளை வேலி போட்டு அடைத்திருப்பதை முதன்முறை கண்ணால் பார்த்திருக்கிறார். அதன்பின் அவர் நிற்கும் பக்கமே மாறுகிறது. இந்த நாடாக்கள் எல்லாம் வெவ்வேறு கட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. மேல்தட்டில் இருந்த ஒருவருக்குத் தன் ஊரின் கீழ்த்தட்டு தெரியவர எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதை நம் கால்களும் சேர்ந்து நடந்து உணர்கின்றன.

இன்னொரு இடம் ஆர்கேடியா. கடலடியில் ஒரு காடு; நகரத்தின் மூச்சுக்காற்று அங்கிருந்துதான் வருகிறது. வளர்த்தவர் ஜூலி லாங்ஃபோர்ட் என்ற தாவர அறிஞர். வளர்ந்த பிறகு அதற்குள் போக ரையன் கட்டணம் வைத்தார். எல்லோருக்குமானதற்கு எப்படிக் காசு வாங்குவது என்று லாங்ஃபோர்ட் கேட்டது ஒரு நாடாவில் இருக்கிறது. நாம் அங்கே போகும்போது ரையன் காட்டையே நச்சு வைத்துக் கொல்கிறார். மரங்களை மீட்க வழி வைத்திருக்கும் லாங்ஃபோர்டையும் அவர் அறைக்குள்ளேயே விஷப்புகையால் கொல்கிறார். நாம் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறோம். சாகும் கணத்தில் மூச்சு படிந்த கண்ணாடியில் அவர் விரலால் நான்கு எண்கள் எழுதுகிறார்: 9457. அவருடைய பெட்டகத்தின் எண். பூட்டி வைப்பதையே ஆட்சி முறையாகக் கொண்ட ஊரில், ஒரு பூட்டின் எண்ணைக் கொடுத்துவிட்டுச் சாகிறாள் ஒருத்தி. பெட்டகத்தில் இருக்கும் செய்முறைப்படி மருந்து செய்ய வடிகட்டிய நீர் 7, பச்சையக் கரைசல் 7, தேனீ நொதி 7 வேண்டும். நொதிக்காக அடுத்திருக்கும் உழவர் சந்தையின் தேனீக் கூடுகளுக்குப் போகும்போது, புகையூட்டும் பொறியை இயக்கிவிட்டுக் கையை வையுங்கள். இல்லையென்றால் தேனீக்களிடம் பாதி உயிர் போய்விடும்.

இயந்திரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊழலை விளையாட்டாகவே மாற்றியிருப்பது இங்கேதான். ரேப்சரில் எல்லாமே காசு போட்டால் வரும்: தோட்டா, சாப்பாடு, மரபணு மாற்றம், காயத்துக்கு மருந்து. பொது மருத்துவமனை என்ற பேச்சே இல்லை. சுவரில் மாட்டிய மருத்துவப் பெட்டிகூடக் கட்டணம் கேட்கும். இவற்றை ஹேக் செய்தால் விலை இறங்கும், சில இயந்திரங்களில் மறைத்து வைத்த சரக்கும் வெளியே வரும். மருத்துவப் பெட்டியை ஹேக் செய்தால் நமக்கு மலிவாகும். காயம்பட்ட எதிரி ஓடிப்போய் அதைப் பயன்படுத்தினால் அவனுக்கு விஷம் பாய்ச்சும். சண்டை நடக்கும் அறைக்குள் நுழைந்ததும் முதலில் இந்தப் பெட்டியைத் தேடி வசப்படுத்துங்கள். காவல் கேமராவையும் சுடும் பொறியையும் மின்னல் பிளாஸ்மிட்டால் ஒரு தடவை அடித்துச் செயலிழக்க வைத்துவிட்டுக் கிட்டே போக வேண்டும்.

ஹேக் செய்வது குழாய்ப் புதிர். கவிழ்ந்திருக்கும் ஓடுகளைத் திறந்து, இடம் மாற்றி, நீர் வந்து சேர்வதற்குள் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை குழாயை இணைக்க வேண்டும். முதலில் முடிவுக் குழாயைச் சுற்றியுள்ள ஓடுகளைத் திறந்து பாருங்கள். அபாய மணி ஓடு அங்கே குவிந்திருந்தால் அந்தப் பக்கம் வழி இல்லை என்று அப்போதே தெரியும். அதிக அழுத்த ஓட்டில் நீர் பட்டால் உயிர் குறையும். நடுவிலேயே காசு கொடுத்து முடிக்கவும் முடியும். பணப்பையில் 500 டாலருக்கு மேல் நிற்காது என்பதால், 400-ஐத் தாண்டிவிட்டால் கடினமான புதிர்களைக் காசு கொடுத்தே முடிப்பது புத்திசாலித்தனம். முதல் பத்து தடவை இந்தப் புதிர் சுவையாக இருக்கும். ஐம்பதாவது தடவை சலிக்கும். இந்தத் தொகுப்பில் வரும் மறுபதிப்பிலும் இதைத் தொடாமல் விட்டது குறைதான்.

சிறுமிகள் விஷயத்தில் ஆட்டம் நம்மிடமே ஒரு கணக்கை மறைக்கிறது. பிணங்களில் இருந்து ஆடம் எடுக்கும் சிறுமிகளை லிட்டில் சிஸ்டர் என்கிறார்கள்; காவலுக்குக் கவச உடை போட்ட பிக் டாடி. அவனை வீழ்த்திய பிறகு சிறுமியைக் கொன்று 160 ஆடம் எடுக்கலாம், அல்லது மீட்டு 80 ஆடம் பெறலாம். பாதிக்குப் பாதி நட்டம் என்று தோன்றும். மீட்டால் கைம்மாறு உண்டு என்று டெனன்பாம் சொல்வாரே தவிர, எவ்வளவு என்று சொல்ல மாட்டார். உண்மை இதுதான்: மூன்று சிறுமிகளை மீட்கும்தோறும் ஒரு கரடி பொம்மையோடு 200 ஆடம் பரிசாக வரும், கூடவே வேறு பொருள்களும். மொத்தம் 21 சிறுமிகள். எல்லோரையும் கொன்றால் 3360. எல்லோரையும் மீட்டால் 1680 உடன் 1400 சேர்ந்து 3080. வித்தியாசம் வெறும் 280. நல்லவனாக இருப்பதற்கு விலையே இல்லாமல் செய்துவிட்டார்கள் என்பது பலர் சொல்லும் குற்றச்சாட்டு, அதில் நியாயம் இருக்கிறது. மீட்பதால் ஆட்டம் உண்மையிலேயே கடினமாகியிருந்தால் அந்தத் தேர்வுக்கு எடை கூடியிருக்கும். ஆனால் கணக்குத் தெரியாமல் முதல் சிறுமியின் முன் நிற்கும் அந்த ஒரு நிமிடம் உண்மையானது. முடிவும் இதைப் பொறுத்தே மாறும். ஒருத்திக்கு மேல் கொன்றால் நல்ல முடிவு கிடைக்காது.

பிக் டாடியை நேரே போய்ச் சுடாதீர்கள். நாம் தொடாதவரை அவனும் தொடமாட்டான், அதனால் களத்தை அமைக்க நேரம் இருக்கிறது. அவன் நடக்கும் வழியில் குறுக்கு வில்லின் மின்கம்பிப் பொறிகளை நான்கைந்து கட்டி, ஓரத்தில் கண்ணிவெடி வைத்து, பிறகு கவசம் துளைக்கும் தோட்டாவால் ஒரு தட்டு தட்டினால் அவனே ஓடிவந்து பொறியில் விழுவான். ஆராய்ச்சிக் கேமரா நெப்டியூன்ஸ் பவுண்டியில் கிடைத்த நாளில் இருந்தே எல்லா எதிரிகளையும் படம் எடுங்கள். அவர்களுக்கு நாம் தரும் சேதம் கூடும், உடலுக்கு வலு கூட்டும் டானிக்குகளில் சில இந்த வழியில் மட்டும்தான் கிடைக்கும். அமைப்பில் வீட்டா-சேம்பரை அணைத்துவிடுங்கள். செத்தால் இலவசமாக உயிர்த்தெழ வைக்கும் பெட்டி அது; நாம் திரும்பி வரும்போது பிக் டாடியின் காயம் ஆறாமல் அப்படியே இருப்பதால், வெறும் ரென்ச்சால் அடித்தே எவனையும் கொன்றுவிடலாம், பயமே போய்விடும்.

பெரிய முடிச்சு அவிழ்ந்த பிறகு ஆட்டம் தொய்கிறது. ரகசியம் தீர்ந்ததும் நகரமும் வெறும் வழித்தடமாகிவிடுகிறது. பாயின்ட் ப்ரொமீதியஸ் என்ற பகுதியில் தலைக்கவசம், பூட்ஸ், உடை என்று பொறுக்கும் வேலை நீளம்; அதன்பின் சிறுமியைக் காவல் காத்து நடத்திப்போவது அதைவிட அலுப்பு; கடைசிச் சண்டை ஒரு சாதாரண முரடனோடு. அந்த முடிச்சைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு மட்டும்: ரையன் நீர்மூழ்கிக் கலங்கள் அத்தனையையும் பூட்டிவிட்டார் என்று எல்லோரும் சொல்லும் ஊரில், உங்களுக்கு மட்டும் அவை ஏன் இயங்குகின்றன என்று ஆடும்போது கேட்டுக்கொண்டே இருங்கள்.

இரண்டாம் ஆட்டத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள், தாண்டக் கூடாது. ரகசியத்தைப் பொறுத்தவரை முதலாவதில் சொல்லாமல் விட்ட இரண்டு பெரிய விஷயங்கள் இதில்தான் இருக்கின்றன. ஒன்று, குழந்தைகளுக்காக ரையன் கட்டிய பொழுதுபோக்குப் பூங்கா. தண்டவாளத்தில் போகும் சிறு வண்டியில் உட்கார்ந்தால் இயந்திர பொம்மைகள் மேலுலக வாழ்க்கையைக் காட்டும்: உழவன் விளைவித்ததைப் பிடுங்க வீட்டுக் கூரைக்குள் நுழையும் ராட்சதக் கை. ரையனின் குரல் விளக்கம் சொல்லும். வெளியுலகம் எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அந்தக் கேள்வியைப் பயத்தால் அடைக்க இப்படி ஒரு பூங்கா. வண்டித் தடத்தின் வழியாகவே நடந்து போகும்போது பொம்மைகளின் பின்பக்க இரும்புக் கம்பிகளையும் பார்க்கலாம். இன்னொன்று பெர்செஃபனி: கொள்கைக்கு எதிராகப் பேசியவர்களைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் அடைத்த ரகசியச் சிறை. பேச்சுரிமை பற்றி மேடையில் முழங்கிய ஊரின் அடியில் இது இருந்தது.

அந்தச் சிறையில் இருந்தவர்தான் சோஃபியா லாம்ப். ரையனுக்கு நேர் எதிர்க் கொள்கை: நான் என்பதே இல்லை, கூட்டம்தான் எல்லாம். 1968-இல் ரேப்சரை ஆள்வது அவர். கொள்கை தலைகீழானாலும் பூட்டும் சாவியும் மாறவில்லை. இதில் டயனிசஸ் பூங்கா என்ற கட்டத்தை நிதானமாக ஆட வேண்டும். ஸ்டான்லி பூல் என்ற பத்திரிகைக்காரர் உளவு சொல்லி லாம்பைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, அவருடைய இயக்கத்தின் பணத்தை விருந்தும் கூத்துமாகக் கரைத்தார். விஷயம் வெளியே வரும் என்றதும் பூங்காவையே கடல்நீரில் மூழ்கடித்தார். உண்மை தெரிந்த லாம்பின் சிறுவயது மகளை அனாதை இல்லத்துக்குத் தள்ளிவிட்டார். நாம் போகும்போது நீர் வடிந்து, பாசி படிந்த சுவர்களுக்கு நடுவே நாடாக்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். அதே பூல்தான் அங்கே வானொலியில் நமக்கு வழிகாட்டிக்கொண்டிருப்பார். சான்றுகளைச் சேர்த்து முடிக்கும்போது அவரைக் கொல்வதா விடுவதா என்று ஆட்டம் கேட்கும். மூன்று ஆட்டங்களிலும் ஒரு தனி மனிதனின் ஊழலை இவ்வளவு முழுமையாக விசாரிக்க வைக்கும் கட்டம் இது ஒன்றுதான்.

சண்டையும் இரண்டாவதில் நன்றாக மேம்பட்டிருக்கிறது. ஒரு கையில் ஆயுதம், மறு கையில் பிளாஸ்மிட் என்று ஒரே நேரத்தில் இரண்டும். ஹேக் செய்வது ஊசியைப் பச்சை இடத்தில் நிறுத்தும் ஒரு நொடி வேலையாகிவிட்டது. சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆடம் எடுக்க விடும்போது எதிரிகள் அலையலையாக வருவார்கள். அவளை இறக்கிவிடும் முன்பே வாசல்களில் பொறி ஆணிகளையும் சிறு சுடுபொறிகளையும் வைத்துவிடுங்கள்.

மூன்றாவதான இன்ஃபினிட், 1912-இல் மேகத்தில் மிதக்கும் கொலம்பியா நகரம். கண்ணுக்கு மூன்றிலும் அழகானது இதுதான். காம்ஸ்டாக் என்ற தீர்க்கதரிசியின் ஆட்சி. போர் அருங்காட்சியகத்தில் அவர் செய்யாத வீரத்தை எல்லாம் செய்ததாகக் காட்ட, உண்மையில் போரிட்ட ஸ்லேட் என்ற படைவீரர் அந்தப் பொய்யைப் பொறுக்காமல் கலகம் செய்கிறார். ஃபிங்க்டன் என்ற ஆலைப்பகுதியில் ஒரு வேலையை யார் குறைந்த நேரத்தில் முடிப்பீர்கள் என்று தொழிலாளிகளை ஏலம் கேட்க வைக்கிறார்கள். கூலி, கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் வில்லை. இவை எல்லாம் அருமையான தொடக்கங்கள். ஆனால் கதை பாதியிலேயே வேறு உலகங்களின் புதிருக்குள் போய்விடுகிறது. ஒடுக்கியவனையும் எழுந்து நின்றவர்களையும் ஒரே தராசில் வைத்துவிட்டு நகரத்தின் அரசியலைக் கைவிடுகிறது. நினைத்த இடத்தில் நாமே சேமிக்கும் வசதியும் இல்லை, ஆட்டம் தானாகச் சேமிக்கும் இடங்கள் மட்டுமே. அதனால் நாடா தேடித் திரியும் பழக்கம் இங்கே சிரமப்படும்.

எந்தப் பதிப்பு என்ற கேள்விக்கு: பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் வினாடிக்கு 60 ஃபிரேம், ஸ்விட்சில் 30. கணினியில் முதல் இரண்டு மட்டுமே மறுபதிப்பு, இன்ஃபினிட் பழையபடியே. கணினி மறுபதிப்பு திடீரென மூடிக்கொள்வதாகப் புகார்கள் நிறைய வந்தன. திருத்தங்கள் வெளியான பிறகும் முழுக்க நிற்கவில்லை. ஒரே கோப்பின் மேல் திரும்பத் திரும்பச் சேமிக்காமல், மூன்று நான்கு இடங்களில் மாற்றிமாற்றிச் சேமியுங்கள், குறிப்பாக ஒரு கட்டத்தில் இருந்து அடுத்ததற்குப் போகும் முன். பழைய, வலு குறைந்த கணினி என்றால் 2007-இன் மூலப் பதிப்பே போதும்.

முதல் ஆட்டத்தில் பொன்னிறப் படச்சுருள்கள் சில ஒளித்து வைத்திருப்பார்கள். எடுத்தால் இயக்குநர் கென் லெவின் பேசும் காணொளிகள் திறக்கும். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் முடியும் வரை பார்க்க வேண்டாம். முடிச்சு அங்கே உடைந்துவிடும். மூன்றுமே 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை, முதலாவதின் மருத்துவப் பகுதி பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். வரிசையை மாற்றாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்றே ஆடுங்கள். இரண்டாவதின் மினர்வாஸ் டென் என்ற கூடுதல் அத்தியாயத்தை, அந்த ஆட்டம் முடிந்த சூட்டோடு தொடங்கிவிடுங்கள்.